பெயரில் மட்டும் போன சர்க்கரை

1953-ல் அமெரிக்காவின் கெல்லாக் நிறுவனம் 'ஷுகர் ஸ்மாக்ஸ்' என்ற கோதுமைப் பொரியைக் குழந்தைகளுக்காகக் கொண்டுவந்தது. பெட்டியில் இருந்ததில் 56 சதவீதம் சர்க்கரை. அதை யாரும் மறைக்கவில்லை; பெயரிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போஸ்ட் நிறுவனம் 1949-லேயே 'ஷுகர் கிரிஸ்ப்' விற்கத் தொடங்கியிருந்தது. 1952-ல் டோனி என்ற கார்ட்டூன் புலியோடு வந்து இறங்கியது 'ஷுகர் ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ்'.

இத்தனைக்கும் கெல்லாக் வீட்டில் சர்க்கரையால் சண்டையே நடந்திருக்கிறது. மிச்சிகன் மாநிலம் பேட்டில் கிரீக்கில் ஆரோக்கிய விடுதி நடத்திய டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், நோயாளிகளின் பத்திய உணவாகத்தான் தானிய அவலை உருவாக்கினார். அதில் சர்க்கரை சேர்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வியாபாரம் தெரிந்த தம்பி வில் கீத் கேட்கவில்லை. 1906-ல் தனிக் கம்பெனி தொடங்கிவிட்டார்.

1970-களில் ஹூஸ்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் ஐரா ஷானன், கடைகளில் கிடைத்த, 'சீரியல்' எனப்படும் இந்தத் தானிய உணவுப் பெட்டிகளை வாங்கிச் சோதித்தார். சிலவற்றில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. பெற்றோர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். 1980-களில் பெட்டிகள் புதுப்பெயர் சூடின. ஷுகர் ஸ்மாக்ஸ் 'ஹனி ஸ்மாக்ஸ்' ஆனது. புலியின் பெட்டியில் 'ஷுகர்' காணாமல் போனது. ஷுகர் கிரிஸ்ப், 'கோல்டன் கிரிஸ்ப்' ஆனது.

உள்ளே என்ன மாறியது? 2011-ல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற அமைப்பு கணக்கெடுத்தபோது, ஹனி ஸ்மாக்ஸில் சர்க்கரை 55.6 சதவீதம். சேர்மானப் பட்டியலில் முதலில் சர்க்கரை, பிறகுதான் கோதுமை. பெயரில் இருக்கும் தேன் அதற்கும் பின்னால்.

இவ்வளவு சர்க்கரை எப்படி ஒட்டுகிறது? கோதுமையை அழுத்தத்தில் சூடாக்கி, அழுத்தத்தைச் சட்டென்று விடுவித்தால் பொரிந்துவிடும். வளைய வடிவச் சீரியல் என்றால், மாவைக் குழைத்து எக்ஸ்ட்ரூடர் எந்திரத்தில் திணித்து, முறுக்கு அச்சில் பிழிவதுபோல் பிழிந்து வெட்டுகிறார்கள். அடுத்து, சுழலும் பெரிய உருளைக்குள் தானியம் புரண்டுகொண்டே இருக்க, மேலிருந்து சர்க்கரைப் பாகு பீய்ச்சப்படுகிறது. சூடான காற்றில் பாகு காய்ந்து மேலே பூத்துவிடும்.

சூட்டில் சில வைட்டமின்கள் அழிந்துவிடுவதால், அவற்றைக் கடைசியில் தெளிக்கிறார்கள். பல சீரியல்களில் சேர்க்கும் இரும்புச்சத்து உண்மையிலேயே இரும்புத் தூள்தான். ஒரு கை சீரியலைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, வலுவான காந்தத்தை வைத்துத் துழாவினால் கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் செய்துபார்க்கும் சோதனை இது. இப்படிச் சேர்த்த சத்துகள்தான் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக விளம்பரமாகின்றன.

2009-ல் இந்த விளம்பரம் எல்லை மீறியது. உணவு நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய 'ஸ்மார்ட் சாய்சஸ்' திட்டம், 41 சதவீதம் சர்க்கரை கொண்ட ஃப்ரூட் லூப்ஸ் சீரியல் பெட்டிக்குப் பச்சை 'டிக்' கொடுத்தது. ஒரு வேளைக்கு 12 கிராம் சர்க்கரை வரை சரி என்பது திட்டத்தின் விதி. ஃப்ரூட் லூப்ஸில் இருந்ததும் மிகச் சரியாக 12 கிராம்! கண்டனம் கிளம்பியதும் அக்டோபரில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள்.

சிலி நாடு 2016-ல் நேரடியாகவே கைவைத்தது. சர்க்கரை அதிகமுள்ள பெட்டிகளில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயமானது. குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன்களுக்குத் தடை விழுந்தது. டோனி புலியும் அட்டையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. பிரிட்டனில் சர்க்கரை மிகுந்த உணவுகளுக்கான புதிய விற்பனை விதிகளை எதிர்த்து கெல்லாக் நீதிமன்றம் போனது. சீரியலைப் பாலோடுதானே சாப்பிடுகிறார்கள், பாலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது அதன் வாதம். 2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை நிராகரித்தது. பால் ஊற்றினாலும் பெட்டியிலுள்ள சர்க்கரை குறையாதே!

இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குச் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதயக் கழகம். 2011-ன் கணக்குப்படி 27 கிராம் ஹனி ஸ்மாக்ஸிலேயே 15 கிராம் போய்விட்டது.

இந்தியச் சட்டப்படியும் சேர்மானங்களை எடை வரிசையில்தான் அச்சிட வேண்டும். சேர்த்த சர்க்கரையின் அளவையும் குறிப்பிட வேண்டும். அடுத்த முறை பிள்ளை அடம்பிடித்து ஒரு பெட்டியை நீட்டினால், பின்பக்கத்தைத் திருப்பி இந்த இரண்டையும் படித்துவிட்டு வாங்குங்கள்.