மருந்துக் கடைக்காரரிடம் யோசனை கேட்ட கதை

பருத்தியில் பூச்சி விழுந்தால் முன்பெல்லாம் எங்கே ஓடுவோம்? மருந்துக் கடைக்குத்தான். இலையைக் காட்டினால் கடைக்காரர் ரெண்டு பாட்டில் எடுத்து வைப்பார். "ஒண்ணும் அடிக்க வேண்டாமுங்க, பொறிவண்டு பார்த்துக்கும்" என்று எந்தக் கடைக்காரராவது சொன்னதுண்டா? அவர் கெட்டவர் இல்லை. பாட்டில் விற்றால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். இயற்கை விவசாயத்துக்கு வந்த நாம் அந்தக் கடைப்படியை விட்டு இறங்கிவிட்டோம். ஆனால் பணம் விஷயத்தில் நம்மில் பலர் இன்னும் அதே மாதிரி ஒரு கடை வாசலில்தான் நிற்கிறோம்.

இதை அடித்துச் சொல்லக் காரணம், அந்தக் கடைக்குள் நானே உட்கார்ந்திருந்தேன். விவசாயத்துக்கு வரும் முன் வங்கி அதிகாரி.

2008 மார்ச். ஈரோடு மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளையில் மேலாளராக இருந்தேன். வருஷக் கணக்கு முடியும் நேரம், காப்பீட்டுப் பாலிசி இத்தனை விற்றாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தினமும் போன். அப்போது ஒரு பெரியவர் நிலம் விற்ற பணத்தைப் போட வந்தார். வைப்புநிதி படிவத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பங்குச்சந்தையோடு சேர்ந்த யூலிப் பாலிசியை எடுத்து நீட்டினேன். வருஷம் ஒரு லட்சம் கட்ட வேண்டிய பாலிசி. "ஒரு தடவை கட்டினாப் போதுமுங்களா?" என்று கேட்டார். "இப்போதைக்கு ஒண்ணு கட்டுங்க, மத்ததைப் பிறகு பார்த்துக்கலாம்" என்றேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. "நீங்க சொன்னாச் சரிங்க" என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷம் தவணைக் கடிதத்தோடு வந்து நின்றார். கட்ட வழியில்லை, பாலிசி காலாவதியானது. அந்தக் காலத்து யூலிப்பில் முதல் வருஷத் தவணையில் பெரும்பகுதி கட்டணத்துக்கே போய்விடும். (2010 செப்டம்பருக்குப் பிறகுதான் அதற்கு ஒரு கடிவாளம் வந்தது.) கடைசியில் அவர் கைக்கு வந்தது நாற்பதாயிரத்துச் சொச்சம். எனக்கு அந்த மார்ச்சில் ஒரு பாராட்டுக் கடிதமும் சுவர்க்கடிகாரமும் வந்தன.

அவருடைய மகன் போன தை மாதம் என் தோட்டத்துக்கு வந்தார். கோவையில் மில் வேலை, 60 வயதில் ஓய்வு. மீதி நிலத்தில் இயற்கை முறையில் மஞ்சள் போட ஆசை. ஜீவாமிர்தம் பற்றிக் கேட்க வந்தவர், கையில் 18 லட்சம் இருப்பதையும் சொன்னார். "யாருகிட்ட யோசனை கேக்கலாமுங்க?" அப்பா இப்போது இல்லை. "மேனேஜரும் பாவம், மேல இருந்து சொன்னா என்ன பண்ணுவாருன்னு அப்பா சொல்லுவாருங்க" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

பிறகு அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். எடுத்தவுடன் "உங்களுக்குச் சம்பளம் யார் தர்றாங்க?" என்று கேளுங்கள். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், காப்பீட்டு முகவர், வங்கிக் கவுண்டரில் கோட்டுப் போட்ட பையன் எல்லாருக்கும் கமிஷனோ டார்கெட்டோ உண்டு. திருடர்கள் என்று சொல்லவில்லை, விற்பனையாளர்கள். செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் என்பவர் வேறு. அவருக்கு நாம்தான் கட்டணம் தருகிறோம். நமக்கு ஆலோசனை சொல்லிவிட்டு நமக்கே திட்டத்தை விற்றுக் கமிஷன் வாங்க அவருக்கு அனுமதி இல்லை. பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். செபி இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் ரெண்டு நிமிஷ வேலை.

"யோசனைக்குப் பதினைந்தாயிரமா!" என்று நம்ம ஆட்கள் மலைப்பார்கள். கமிஷன் கண்ணுக்குத் தெரியாததால் வலிப்பதில்லை. 10 லட்சத்துக்கு வருஷம் ஒரு சதவீதம் போனாலே 10,000 ரூபாய், அதுவும் வருஷா வருஷம். விநியோகஸ்தர் இல்லாமல் வாங்கும் நேரடித் திட்டங்கள் 2013 ஜனவரியிலிருந்தே இருக்கின்றன. கவுண்டரில் இருந்த காலத்தில் நான் இதை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்தது, அவர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். மண்ணைப் பார்க்காமல் உரம் சொல்பவரை நம்புவோமா? எந்த மாதம் வெள்ளாமைப் பணம் வரும், கிணற்றில் தண்ணீர் எப்படி, ரசாயனத்தை விட்ட முதல் ரெண்டு மூணு வருஷம் மகசூல் குறைந்தால் எதைக் கொண்டு சமாளிப்பீர்கள், நகைக்கடன் உண்டா என்றெல்லாம் கேட்க வேண்டும். "முதல்ல கடனை அடைங்க" என்று சொல்கிறவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கடனை அடைத்தால் யாருக்கும் கமிஷன் கிடையாது.

சொந்தக்காரர், கோயில் கமிட்டியில் கூட இருப்பவர் என்பதெல்லாம் தகுதி ஆகாது. ஈமு கோழி ஞாபகம் இருக்கிறதா? 2012இல் பெருந்துறைப் பக்கம் எத்தனை குடும்பங்கள் காசை விட்டன! எங்கள் ஊருக்குள் அதைக் கொண்டுவந்ததே ஒரு மாப்பிள்ளைதான். அவரும் போட்டார், அவரும் இழந்தார். மாசம் இவ்வளவு நிச்சயம் என்று யார் சொன்னாலும், எந்தச் சட்டத்தின் கீழ், யாரிடம் பதிவு என்று கேளுங்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். ஓ.டி.பி. சொல்ல வேண்டாம். முதலீட்டுக் காசோலை திட்டத்தின் பெயரில் போகட்டும், ஆலோசகர் பெயரில் வேண்டாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்று: காப்பீட்டுப் பாலிசி பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும். பெரியவருக்கு அப்போது 15 நாள் அவகாசம் இருந்தது. நான் சொல்லவில்லை.

மகன் மூன்று பேரைப் பார்த்தார். சம்பளக் கேள்விக்கு ரெண்டு பேர் மழுப்பினார்கள். மூன்றாமவர் கட்டணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, நகைக்கடனைப் பற்றித்தான் முதலில் விசாரித்தாராம். கடனுக்கு இரண்டரை லட்சம் போனது. சொட்டுநீருக்கும் ரெண்டு வருஷ வீட்டுச் செலவுக்கும் 3 லட்சம் வங்கியில். 10 லட்சம் தபால் நிலையத்தில், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். மீதி இரண்டரை லட்சத்தை என்ன செய்வது என்பதை மஞ்சள் வெட்டு முடிந்த பிறகு பேசலாம், அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறாராம்.