ஆறாம் ஆண்டுக்கும் படிவம் ஒன்றுக்கும் நடுவே

பள்ளி திறப்பதற்கு முந்திய வாரங்களில் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவிலும் அதை ஒட்டிய துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையிலும் கால் வைக்க இடம் இருக்காது. கடைவாசல் வரை சீருடைகள் தொங்கும். ஆறு ஆண்டுகள் கருநீலக் கால்சட்டையோடு தமிழ்ப்பள்ளிக்குப் போன பையனுக்கு இனி பச்சை முழுக்கால்சட்டை. பெண்பிள்ளையின் கருநீலப் பினஃபோரும் நிறம் மாறும். வளர்கிற பிள்ளை என்று அம்மாக்கள் ஒரு சைஸ் பெரிதாகவே கேட்டு வாங்குவார்கள்.

நிறத்தோடு சேர்ந்து இன்னும் எத்தனையோ மாறுகின்றன. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, நூற்றைம்பது மாணவர்கள்கூட இல்லாத சிறிய பள்ளிகள். அங்கே வகுப்பாசிரியைக்குப் பிள்ளையின் பாட்டியையும் தெரியும், அப்பாவின் வேலை நேரமும் தெரியும். படிவம் ஒன்றுக்குப் போகும் இடைநிலைப்பள்ளியிலோ ஆயிரம் பேருக்கு மேல் இருக்கலாம். பாடத்துக்குப் பாடம் ஆசிரியர் மாறுவார். கணிதம், வரலாறு எல்லாம் மலாயில். உயிர்த்தோழன் வேறு பள்ளிக்குப் போயிருப்பான். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லையென்றால் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. கூடப் படித்தவர்கள் படிவம் ஒன்றில் உட்கார, இவன் மட்டும் பின்தங்கி நிற்பான்.

சாதாரணமாக வளரும் பிள்ளைக்கே இது பெரிய தாவல். வீட்டில் அடிதடியைப் பார்த்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவரைத் திடீரென்று இழந்த பிள்ளைக்கு, வெள்ளத்திலோ தீயிலோ வீட்டைப் பறிகொடுத்த பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

தாமான் ஸ்ரீ மூடாவைப் பார்த்தால் ஓரளவு புரியும். ஷா ஆலமில் இந்தியக் குடும்பங்கள் பலவும் வாழும் இந்தக் குடியிருப்பை, 2021 டிசம்பர் 18 சனிக்கிழமை தொடங்கிய பெருவெள்ளம் மூழ்கடித்தது. மேல்மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்த குடும்பங்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த ஆண்டு ஆறாம் ஆண்டில் இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளி மூடியது; அதற்குப் பின் மாதக்கணக்கில் கைப்பேசித் திரைதான் வகுப்பறை. ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வும் 2021இல் ரத்தானது. ஆண்டு முடியும் நேரத்தில் வெள்ளம். பாடப்புத்தகம், சீருடை, வளர்த்த பூனை எல்லாம் போன வீட்டிலிருந்து, 2022 மார்ச்சில் அவர்கள் படிவம் ஒன்றுக்குப் போனார்கள்.

புத்ரா ஹைட்ஸில் நடந்தது வேறுவிதம். 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை எட்டு மணியைத் தாண்டிய நேரத்தில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்தது. தீ பல மாடி உயரத்துக்கு எழுந்தது. உயிரிழப்பு இல்லை, ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் பாதிக்கப்பட்டன. அந்த ஆண்டுப் பள்ளித் தவணை பிப்ரவரியில்தான் தொடங்கியிருந்தது. படிவம் ஒன்றுக்குப் போன பிள்ளைகள் அப்போதுதான் வகுப்பில் யார் யார் என்று தெரிந்துகொண்டிருந்தார்கள்.

பேராபத்தைக் கண்ட குழந்தையின் மூளை, ஆபத்து முடிந்த பிறகும் காவலை விடுவதில்லை. நாற்காலி விழும் சத்தம், ஆசிரியரின் உரத்த குரல், வானம் கறுப்பது என எதுவும் உடலை உசுப்பிவிடும். சில பிள்ளைகள் சண்டைக்குப் பாய்வார்கள். சிலர் உறைந்துபோய்ப் பதிலே சொல்லமாட்டார்கள். தூக்கம் கெடுவதால் படித்தது நினைவில் நிற்காது. வகுப்பறையில் இதற்கெல்லாம் வேறு பெயர்கள் உண்டு: முரடன், திமிர் பிடித்தவள், சோம்பேறி.

பள்ளி மாறும்போது ஆபத்து கூடுவது இந்த இடத்தில்தான். ஆறாம் ஆண்டு ஆசிரியையின் கண்ணுக்கு ஒரு மாற்றம் தெரியும்: சிரித்துக்கொண்டிருந்தவன் ஏன் இப்படி ஆனான்? படிவம் ஒன்று ஆசிரியருக்கு ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய முகம் எதுவும் இல்லை. முதல் நாளில் பார்த்ததுதான் அந்தப் பிள்ளை. மதிப்பெண்களும் வருகைப் பதிவும் பள்ளிவிட்டுப் பள்ளி போகின்றன. அவன் முன்பு எப்படி இருந்தான், எதனால் மாறினான், யாரிடம் பேசினால் அமைதியாவான் என்பது பெரும்பாலும் பழைய பள்ளியின் வாசலோடு நின்றுவிடுகிறது. பிறகு அவன் போய்ச் சேரும் இடம் ஆலோசக ஆசிரியரின் அறையாக இராது; கட்டொழுங்கு ஆசிரியரின் அறையாகத்தான் இருக்கும்.

செய்தி போக வேண்டும், ஆனால் குடும்ப மானம் போகக்கூடாது என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2013இல் தொடங்கிய ஒரு நடைமுறை இதற்கு வழி காட்டியது. ஓர் இரவில் வன்முறையோ விபத்தோ நடந்த இடத்தில் காவல்துறை ஒரு குழந்தையைக் கண்டால், மறுநாள் பள்ளி தொடங்குவதற்குள் பள்ளிக்கு ஒரு தகவல் வரும். குழந்தையின் பெயரும், ‘கவனமாகக் கையாளுங்கள்’ என்ற குறிப்பும் மட்டுமே அதில் இருக்கும். என்ன நடந்தது என்ற விவரம் இராது. அன்றைக்கு அந்தப் பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் ஆசிரியர் திட்டமாட்டார், தேர்வைத் தள்ளிவைப்பார், தூங்கி வழிந்தால் ஓய்வறைக்கு அனுப்புவார். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் இந்த அளவு தகவல் போதும்.

பேராபத்தைக் கண்ட பிள்ளைகளைத் தேற்றுவதில் தமிழுலகில் நீண்ட அனுபவம் உள்ள இடம் இலங்கையின் வடகிழக்கு. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ‘மனவடு’ என்ற நூலைத் தமிழிலேயே எழுதினார். ஆசிரியர்களுக்கு உளவளப் பயிற்சி தரும் முயற்சிகளும் அங்கே நடந்தன. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்தார்கள். வாரம் ஒரு நாள், மாதக்கணக்கில். நடந்ததைச் சொல் என்று அங்கே யாரும் வற்புறுத்தவில்லை. களிமண், வண்ணம், நாடகம், கதை, திரும்பத் திரும்ப அதே முகங்கள். அனுபவத்தை உடனே கொட்டச் சொல்லித் துருவுவது குழந்தைக்கு நல்லதல்ல என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் சொல்கிறது.

மஸ்ஜித் இந்தியாவிலிருந்து சிறிது தொலைவில் இருக்கிறது சௌகிட். ஆவணமற்ற பிள்ளைகளும் தெருவோரக் குடும்பங்களின் பிள்ளைகளும் வாழும் அந்தப் பகுதியில், 2013இல் கல்வி அமைச்சு ‘செகோலா பிம்பிங்ஙான் ஜாலினான் காசே’ என்ற தனிப் பள்ளியைத் திறந்தது. சிறுபிள்ளைகளும் பதின்ம வயதினரும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். பன்னிரண்டு வயதில் பழகிய முகங்களை எல்லாம் விட்டுவிட்டுப் போக வேண்டிய தேவை அங்கே குறைகிறது. பள்ளியிலிருந்து ஏற்கெனவே விலகிவிட்ட இந்திய இளைஞர்களுக்கு, வழக்கறிஞர் பசுபதி சிதம்பரம் 2011இல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம் களும்பாங்கில் தங்குமிடமும் தொழிற்பயிற்சியும் தருகிறது. ஆனால் இடைநிலைப்பள்ளிக்குள் கால்வைத்த முதல் மாதங்களிலேயே பிடித்து நிறுத்தியிருந்தால், ஒரு பிள்ளை அவ்வளவு தூரம் வழிதவறிப் போக வேண்டியிருக்காது.

அகதிப் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. அதனால் மியன்மாரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியாமல் சமூகக் கற்றல் மையங்களில் படிக்கிறார்கள். மூன்றாம் நாட்டில் குடியேற அனுமதி கிடைத்தால் இன்னொரு மொழி, இன்னொரு பள்ளி. கற்றல் மைய ஆசிரியர் கையொப்பமிட்டுத் தரும் ஒரு பக்கக் கடிதம் அந்தப் பயணத்தில் பெரிய துணை: பிள்ளை எந்த மொழியில் எண்ணும், எதில் கெட்டி, எதைக் கண்டால் பயப்படும்.

பெற்றோர் செய்யக்கூடியவை எளியவை. பள்ளி திறக்குமுன் ஒரு நாள் பிள்ளையைப் புதுப் பள்ளிக்கு அழைத்துப் போய், வாசல், கழிப்பறை, சிற்றுண்டிச்சாலை, ஆலோசக ஆசிரியரின் அறை ஆகியவற்றைக் காட்டலாம். பழைய பள்ளியில் படித்த மூத்த மாணவர் ஒருவரைத் துணையாகக் கேட்கலாம். வீட்டில் சாப்பாட்டு நேரமும் தூங்கும் நேரமும் மாறாமல் பார்த்துக்கொள்ளலாம். ‘அதையெல்லாம் மறந்துடு’ என்பதைவிட, ‘பயமா இருந்தா எங்கிட்ட சொல்லுய்யா’ என்பது பிள்ளைக்குத் தெம்பு தரும். பெரும்பாலான பிள்ளைகள், நம்பிக்கையான ஒரு பெரியவரும் ஒழுங்கான நாட்களும் கிடைத்தால், மெல்ல மீண்டுவிடுகிறார்கள். வாரங்கள் கடந்தும் தூக்கம் வரவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறான், தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாட வேண்டும். ‘தாலியான் காசே’ 15999 என்ற எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.

பள்ளிகள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்குத் தனி நிதி தேவையில்லை. ஆண்டிறுதியில் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியர், கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோரிடம் அனுமதி பெற்று, அவர்கள் சேரப்போகும் இடைநிலைப்பள்ளியின் ஆலோசக ஆசிரியரோடு தொலைபேசியில் பேச வேண்டும். அந்த ஆலோசகர் முதல் வாரத்திலேயே அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அறிமுகமாக வேண்டும். முழுநேர ஆலோசகர் இல்லாத சிறிய தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இந்தப் பொறுப்பை நினைவூட்டலாம். அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கச் சொல்லி எந்தப் பெற்றோரும் கேட்கலாம்.