சைக்கிளுக்கும் சாலையில் பங்கு

சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த நாளில், அம்மாகாணத்து நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி விதித்தன. அவ்வரியை நாம் புகழ வரவில்லை. ஆனால் அதனால் ஒரு பயன் இருந்தது. ஊரில் எத்தனை சைக்கிள்கள் ஓடுகின்றன என்பது நகராட்சியின் ஏட்டில் பதிவாயிற்று. இன்று வரி இல்லை. ஏட்டில் கணக்கும் இல்லை. சாலையில் இடமும் சுருங்கிவிட்டது.

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது. கார் உள்ள குடும்பங்கள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஆயினும் சாலையை அகலப்படுத்தும்போது நாம் நினைப்பது காரைத்தான்.

சைக்கிளை விடுவோர் சோம்பலால் மட்டும் விடுவதில்லை; அச்சமே பெருங்காரணம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் வருமானால், அதன் மோதும் ஆற்றல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகிறது. வேலூர்ச் சாலையும் பெங்களூர்ச் சாலையும் திருப்பதிச் சாலையும் கூடுகின்ற சித்தூரில், பள்ளிக்குச் செல்லும் சிறுமி லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்க நேர்ந்தால், மறுநாள் அவளைத் தனியே அனுப்பப் பெற்றோர் துணிவார்களா?

திருப்பதியின் நிலை வேறு. மலை செங்குத்தானது, ஆனால் அடிவாரத்து நகரம் பெரும்பாலும் சமதளம். ரயில் நிலையம், கோவிந்தராஜசுவாமி கோயில், வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் ஆகியவை சில கிலோமீட்டருக்குள் அமைந்தவை. யாத்திரிகர் வண்டிகள் ஊர் நெரிசலில் சிக்காமல் செல்லும்பொருட்டுச் சீனிவாச சேது என்னும் மேம்பாலம் 2023இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. மேலே வண்டிகளுக்கு வழி கிடைத்தது. கீழ்ச்சாலையில் குறைந்த நெரிசலின் பயன் யாருக்கு என்பதே நம் கேள்வி. அதைச் சைக்கிளுக்கு ஒதுக்காவிட்டால், நிறுத்திவைத்த வண்டிகள் விரைவில் அடைத்துக்கொள்ளும்.

வேண்டுவன பெருஞ்செலவுடையன அல்ல. ஊரெல்லையில் வேகத்தைத் தணிக்கும் மேடுகள். பள்ளிக்கூடத் தெருக்களில் 30 கிலோமீட்டர் வரம்பு. முதன்மைச் சாலையில் கல்வரம்பிட்ட தனித்தடம். சந்தையிலும் நிலையத்திலும் நிழலுள்ள நிறுத்துமிடம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, காலையில் எத்தனை சைக்கிள்கள் எவ்வழியே செல்கின்றன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சைக்கிளுக்குப் பேர்போன ஹாலந்து நாடும் இயல்பாக அப்படி அமைந்துவிடவில்லை. 1971இல் அங்கே சாலை விபத்துகளில் 3,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்; அவருள் குழந்தைகள் நானூறுக்கு மேல். பெற்றோர் தெருவில் இறங்கிக் கேட்டனர். 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்தது. அதன் பின்னரே தடங்கள் பெருகின. நம் அரசும் 2006ஆம் ஆண்டு நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையில், வண்டிகளைவிட மனிதரின் போக்குவரத்தே முதன்மையானது என்று ஏற்றுக்கொண்டது. ஏற்றதைச் செய்விப்பது குடிமக்களின் பொறுப்பு.

பிழைப்பின்பொருட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய நாம், ‘இது நம் ஊரன்று’ என வாளாவிருத்தல் தகாது. நாள்தோறும் நம் பிள்ளைகள் செல்லும் சாலை நம் சாலையே. அண்டை வீட்டாருடன் கூடி எண்ணிக் கணக்கெடுத்து, வார்டு உறுப்பினரிடம் விண்ணப்பம் கொடுப்போம். திருப்பதியில் அது தெலுங்கிலும், புனேயில் மராத்தியிலும் இருக்கட்டும். அடியில் நம் கையொப்பமும் இருக்கட்டும்.