அப்பா மறைக்கும் கட்டி... ஆண்களுக்கும் வருமா மார்பகப் புற்றுநோய்?

'அது பெண்களுக்கு வர்றதுதானே?' என்று நினைப்பவரா நீங்க? ஆண்களுக்கும் மார்பகத் திசு உண்டு. அதனால் அவர்களுக்கும் வரலாம். மொத்த மார்பகப் புற்றுநோயாளிகளில் ஆண்கள் சுமார் 1 சதவிகிதம்தான். ஆனா, பலர் நோய் முற்றிய பிறகே டாக்டரிடம் போறாங்க. ஒரு காரணம் தெரியாமை, இன்னொரு காரணம் கூச்சம்.

பெரும்பாலும் இது 60 வயதையொட்டியும் அதற்கு மேலும்தான் வருது. அதாவது, உங்க அப்பா, பெரியப்பா வயசு!

எதைக் கவனிக்கணும்?

காம்புக்கு அடியில் வலியில்லாத கெட்டியான கட்டி, உள்ளிழுத்த காம்பு, ரத்தக்கசிவு, ஆறாத புண், அக்குளில் வீக்கம். 'வலிக்கலையே' என்று விட்டுடக் கூடாது. பாடகி பியான்சேயின் அப்பா மேத்யூ நோல்ஸ், சட்டையில் ரத்தப்புள்ளிகளைப் பார்த்துத்தான் டாக்டரிடம் போனார். 2019-ல் அதை வெளிப்படையாகவும் சொன்னார்.

யாரைப் பார்க்கணும்?

பலரும் குழம்புவது இங்கேதான். பொது அறுவை சிகிச்சை நிபுணர் அல்லது புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்க. மேமோகிராம், ஸ்கேன், பயாப்ஸி ஆகியவை ஆண்களுக்கும் செய்யப்படும். ஆண்களின் மார்பு வீக்கம் பலருக்கும் 'கைனகோமாஸ்டியா'வாகவே இருக்கும். அது புற்றுநோய் இல்லை. ஆனா, அதை முடிவு பண்ண வேண்டியது டாக்டர்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா கையோடு எடுத்துட்டுப் போங்க.

அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ, பிறகு பெரும்பாலானோருக்கு டமாக்சிஃபென் மாத்திரை. அதைப் பல வருஷம் சாப்பிடணும். உடல் திடீர்னு சூடாகுறது, தாம்பத்ய ஆர்வம் குறையுறதுன்னு பக்கவிளைவுகள் வரலாம். இதை வெளியே சொல்லாம மாத்திரையை நிறுத்துறவங்களும் உண்டு. நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொன்னா வழி இருக்கு.

நீங்க என்ன செய்யலாம்?

மேமோகிராம் அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் எல்லோரும் பெண்களா இருப்பாங்க. அப்பா அங்கே தனியா உட்கார சங்கடப்படுவார். கூடப் போங்க. மரபணுப் பரிசோதனை பற்றியும் கேளுங்க. நோல்ஸுக்கு இருந்த பிஆர்சிஏ2 மரபணு மாற்றம் மகன், மகள் இருவருக்குமே வரக்கூடியது.

கூச்சத்தை உடைக்க அப்பாவுக்கு உங்க ஒரு கேள்வி போதும். இன்னைக்கே கேட்டுடுங்க!