வேண்டுதலும் காத்திருத்தலும்



முன்னொரு கோடையில் என் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, ஊரே கூடி வேண்டியும் மழை பெய்யவில்லையே, இறைவன் செவிசாய்க்கவில்லையா?" என்று கேட்டான். நான் சிவகாசியின் வரலாற்றைச் சொன்னேன்.

வானம் பார்த்த அவ்வூரிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். குச்சியும் மருந்தும் உலர வறண்ட காற்று வேண்டும். உழவரை வாட்டிய வெயிலே அத்தொழிலுக்குத் துணையாயிற்று. பின்னர்ப் பட்டாசும் அச்சும் அங்குத் தழைத்தன.

ஆயினும், இதற்காகவே ஆண்டவன் மழையை மறுத்தான் என்று கூற நான் துணியேன். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்தம் குடும்பத்தாரிடம் 'எல்லாம் நன்மைக்கே' என்பது கொடுமை. விபத்தைத் தடுப்பது மனிதர் கடமை. அதை இறைவன்மேல் சுமத்தலாகாது.

அவன் திருவுள்ளம் நமக்கு விளங்குவதில்லை. நம் பங்கு மட்டும் விளங்கும். கரிசல் உழவர் மழைக்கு முன்னரே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தை நோக்குகின்றனர். வேண்டுவோர் காத்திருக்கும் முறை அதுவே.