ஓடும் உருவைப் பிடிக்க ஒரு கமரா

பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணமேனும் நிலத்தை விட்டு நீங்குகின்றனவா? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பலரிடையே எழுந்த ஐயம் இது. கண்ணாற் பார்த்து விடை கூற எவராலும் இயலவில்லை. 1878 ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்ட்டோ என்னுமிடத்தில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பார் ஓடுபாதையின் ஓரமாகப் பன்னிரண்டு கமராக்களை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார். நான்கு கால்களும் அந்தரத்தில் நிற்கும் கணம் உண்டென்பது அப்படங்களால் ஐயமற வெளிப்பட்டது. கண் காணாததைக் கமரா கண்டது.

அன்று பெருஞ் செலவுடன் செய்த அச்செயலை இன்று பள்ளி மாணவன் தன் சட்டைப்பையிலுள்ள கருவியாற் செய்துவிடலாம். அலைமீது பலகையேறிச் சறுக்குவோரையும், துவிச்சக்கர வண்டியில் மேடு பள்ளம் தாவுவோரையும், சறுக்குப்பலகையிற் சுழல்வோரையும் படம் பிடித்து மகிழ இளைஞர் பலர் விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. ஆயின், "எந்தக் கமரா வாங்குவது?" என்ற கேள்வி எழுந்ததும் வீட்டிலே குழப்பம் பிறக்கின்றது. விலை உயர்ந்ததே சிறந்தது என்று பிள்ளை வாதாடுவான். பல மாதச் சேமிப்பை நினைத்துத் தந்தை தயங்குவார். இருவர்க்கும் பயன்படும் சில செய்திகளை இங்கே கூற முனைகின்றோம்.

எங்கே நிற்கப் போகின்றீர்கள்?

கமராவின் பெயரைக் கேட்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுவேயாகும். விளையாடுபவனோடு கூடவே செல்லும் கமரா வேறு. கரையில் நின்று அவனை நோக்கும் கமரா வேறு. ஒன்றின் வேலையை மற்றையது செய்யாது.

முதல்வகைக்குக் கோப்ரோ நல்லதோர் உதாரணம். நிக் வுட்மன் என்ற அமெரிக்க இளைஞர், ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அலைச்சறுக்குக்காகச் சென்றவர், தம் சறுக்கலைத் தாமே படமெடுக்க விரும்பி 2002 இல் அந்நிறுவனத்தைத் தொடங்கினார். 2004 இல் விற்பனைக்கு வந்த முதற் கமரா, மணிக்கட்டிற் கட்டிக்கொள்ளும் பட்டியுடன் கூடிய சாதாரணப் படச்சுருட் கமராவே. இன்று இவ்வகைக் கமராக்களைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. சிறியவை, உறுதியானவை, அகன்ற காட்சியை அடக்குபவை. பலகை நுனியிலோ மார்பிலோ பொருத்தினால், பார்ப்பவர் தாமே அலைமீது செல்வதாக உணர்வர்.

ஆனால், இதே கமராவைக் கரையில் நின்று நீட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். கணக்கைப் பாருங்கள். 35 மி.மீ. படச்சுருளின் அளவை வைத்துச் சொல்வதானால், 16 மி.மீ. அகல வில்லையொன்று 100 மீற்றர் தொலைவிலே 225 மீற்றர் அகலமான காட்சியை அடக்கும். அதிலே மனிதன் எறும்புக்கு ஒப்பாவான். 400 மி.மீ. தொலைநோக்கு வில்லையோ அதே தொலைவில் 9 மீற்றர் அகலத்தை மாத்திரம் காட்டும். பலகை, நீர்த்திவலை, முகபாவம் யாவும் அதிலே தெளிவாகும். எனவே கரையிலிருந்து படமெடுக்க விரும்புவோர்க்கு வில்லை மாற்றத்தக்க கமராவோ, நீண்ட தூரம் இழுத்துக் காட்டும் வில்லை பொருந்திய கமராவோ வேண்டும். அதனோடு உறுதியான முக்காலியும் இன்றியமையாதது; தொலைநோக்கு வில்லையிற் கையின் சிறு நடுக்கமும் பேரதிர்வாகத் தோன்றும்.

வேகமும் வெளிச்சமும்

சாதாரணக் காட்சிக்குச் செக்கனுக்கு 25 படங்கள் போதும். விரைவான விளையாட்டுக்கு 50 அல்லது 60 படங்கள் எடுத்தல் நன்று. செக்கனுக்கு 120 படங்கள் எடுத்து அவற்றை 24 ஆகக் காட்டினால், நிகழ்ச்சி ஐந்து மடங்கு மெதுவாக நகரும். கால் எங்கே வழுக்கிற்று, உடல் எப்போது சாய்ந்தது என்பதைப் பயில்வோன் தானே கண்டு திருந்தலாம். கமராவைக் களியாட்டப் பொருளாக மாத்திரமன்றி ஆசானாகவும் கொள்ளலாம் என்பது இதனாற் புலப்படும்.

எனினும், வேகம் கூடக் கூட வெளிச்சமும் கூட வேண்டும். செக்கனின் ஆயிரத்தொரு பங்கு நேரத்தில் எடுக்கும் படத்துக்கு நல்ல வெயில் வேண்டும். சிறிய கமராக்கள் மங்கலான ஒளியிற் சோர்ந்துவிடும். அவற்றிலுள்ள அசைவு நீக்கும் வசதியும் அவ்வேளையில் முழுப் பயன் தராது. இரவில் மின்னொளியில் நடைபெறும் ஆட்டங்களைப் பிடிப்போர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க. நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுடையது. ஆதலால், 25 அல்லது 50 படங்கள் என அமைத்து, ஒவ்வொரு படத்துக்குமுரிய நேரத்தைச் செக்கனின் ஐம்பதிலொன்றோ நூறிலொன்றோ ஆக வைத்தால், விளக்கின் மினுக்கல் படத்திற் பெரும்பாலும் தோன்றாது.

சூரியன் நிற்கும் திசையும் கருதத்தக்கது. அம்பாறை மாவட்டத்திலே பொத்துவிலுக்கு அண்மையிலுள்ள அறுகம்குடா, மே முதல் செப்டெம்பர் வரை அலைச்சறுக்குவோர் கூடுமிடம். கீழைக்கரையாதலின் காலையிற் சூரியன் கடற்பக்கம் நிற்கும்; கரையில் நிற்பவர் எடுக்கும் படத்தில் மனிதன் கரிய நிழலுருவாவான். பிற்பகலில் ஒளி நம் முதுகுப்புறமிருந்து விழுவதால் வண்ணங்கள் மலரும். மேற்கு நோக்கிய ஹிக்கடுவைக் கரையிலே இதற்கு மறுதலை. இவ்வறிவுக்குக் காசு வேண்டியதில்லை. ஆயினும் விலை மிகுந்த வில்லையிலும் இது மேலான பயன் தரும்.

பணத்தை எங்கே செலவிடுவது?

கையிலே ஓரளவு நல்ல கைத்தொலைபேசி இருப்பின், முதல் மூன்று மாதம் அதனைக்கொண்டே பழகுங்கள் என்பது எமது ஆலோசனை. உருவைத் தொடர்ந்து கமராவைத் திருப்பவும், ஓட்டத்துக்கு முன்னால் இடம் விடவும், தொடக்கமும் முடிவும் அமையப் படமெடுக்கவும் அதுவே கற்பிக்கும். அதன்பின், தொலைவு போதவில்லையா, நீர் தடையாக உள்ளதா என்ற குறை தானே தெரியவரும். அக்குறையைத் தீர்க்கும் கருவியை வாங்குவதே அறிவுடைமை.

கமராவின் விலையோடு செலவு முடிவதில்லை. நொடிக்கு 100 மெகாபிற் வீதம் பதிவாகும் காட்சி, ஒரு நிமிடத்தில் 750 மெகாபைற் இடத்தைப் பிடிக்கும். 64 கிகாபைற் மெமரி கார்ட் ஏறக்குறைய 85 நிமிடத்தில் நிரம்பிவிடும். செக்கனுக்குக் குறைந்தது 30 மெகாபைற் எழுதவல்லதெனக் காட்டும் 'வீ 30' குறியுள்ள கார்ட்டையே தெரிவு செய்க. மேலதிகமாக ஒரு பற்றறியும், கடலில் நழுவினால் மிதக்கும் கைபிடியும் வேண்டும். இவற்றுக்கெனப் பணத்தில் ஒரு பகுதியை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, எஞ்சியதற்குள் கமராவைத் தேடுவது நலம்.

பழைய கமரா வாங்குவதிற் குற்றமில்லை. ஆனால், வில்லையிற் கீறல் உண்டா, பற்றறிக் கதவின் றப்பர் விளிம்பு வெடித்துள்ளதா என்று பாருங்கள். இருபது நிமிடமாவது தொடர்ந்து பதிவு செய்து, சூடேறி நின்றுவிடுகின்றதா என்று சோதியுங்கள். உறையின்றியே பத்து மீற்றர் ஆழம் தாங்கும் கமராக்கள் இன்று பல உள. எனினும் கதவு சரியாக மூடப்படாவிடின் ஒரு முழ ஆழமும் அதனைக் கொன்றுவிடும். கடலிலிருந்து வந்ததும், கதவைத் திறக்காமலே நன்னீரில் ஊறவைத்துத் துடைத்து உலர்த்துக. உப்பு பொறுமையான பகைவன்.

படத்திலும் பெரியது உயிர்

இறுதியாக ஒன்று. கமரா எதிரே நிற்கும்போது மனிதன் தன் வல்லமைக்கு மீறித் துணிகின்றான். "இன்னொரு முறை, இன்னும் உயரமாக" என்று தூண்டும் நண்பனின் குரல், வாழ்நாள் முழுதும் வருந்த வைக்கும் காயமொன்றுக்குக் காரணமாகலாம். தலைக்கவசமின்றி ஒருவன் பாயும்போது படமெடுக்க மறுப்பவனே உண்மை நண்பன். நீருள் இறங்கிப் படமெடுப்பவன் நன்றாக நீந்தத் தெரிந்தவனாகவும், பலகைகள் வரும் வழியை விட்டு விலகி நிற்பவனாகவும் இருத்தல் வேண்டும். கரையிலுள்ள பிறரை, சிறப்பாகப் பெண்களையும் குழந்தைகளையும், அவர்தம் இசைவின்றிப் படமெடுத்தல் பண்பன்று.

பெற்றோரே, பிள்ளை கமரா கேட்டால் உடனே மறுக்காதீர்கள். உடனே வாங்கியும் கொடுக்காதீர்கள். எதை, எங்கே நின்று, எதற்காகப் படமெடுக்கப் போகின்றாய் என்று கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவாக விடை கூறும் பிள்ளை, எளிய கருவியாலும் நல்ல படம் எடுப்பான். அவனுக்காகச் செலவிடும் பணம் வீண்போகாது.