துரு தின்ற குழாய்!

மழைக்காலத்தில் உங்கள் சைக்கிளை நாலு நாள் வெளியே நிறுத்தி மறந்துபோன அனுபவம் உண்டா? செயின் பழுப்பு நிறமாகிவிடும். மிதித்தால், 'கிறீச், கிறீச்' என்று அழும். தொட்டால் விரலில் காவிப்பொடி ஒட்டும். அப்பா திட்டுவார். அப்புறம் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் துடைத்தால், சைக்கிள் பழையபடி ஓடத் தொடங்கிவிடும். துருவைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அதே துரு, நீங்கள் உள்ளே தவழ்ந்து போகும் அளவு பெரிய இரும்புக் குழாயில், மண்ணுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் பிடித்தால்? அந்தக் குழாய்க்குள் எரிவாயு பாய்ந்துகொண்டிருந்தால்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் என்று ஓர் ஊர். அதற்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில், பெகோஸ் ஆற்றங்கரையில், 2000ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 12 பேர் குடும்பத்தோடு முகாமிட்டிருந்தனர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. ஆற்றின் மேல் எரிவாயுக் குழாய்களைத் தாங்கும் பாலங்கள் இருந்தன. ஒரு பாலத்தின் அடியில்தான் அவர்கள் தங்கியிருந்தனர்.

ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. விடியற்காலை 5:26 மணி. கரையில் மண்ணுக்குள் கிடந்த ஒரு குழாய் திடீரென்று வெடித்துத் திறந்துகொண்டது. வெளியே பீறிட்ட வாயு தீப்பிடித்தது. அந்தத் தீப்பந்து கார்ல்ஸ்பாட் ஊர்வரை தெரிந்தது. 55 நிமிடங்கள் நெருப்பு எரிந்தது. முகாமிட்டிருந்த 12 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

வெடித்த இடத்தில் 51 அடி அகலமும், 113 அடி நீளமும் கொண்ட பெரும் பள்ளம். குழாயின் 49 அடித் துண்டு பிய்ந்து, மூன்றாக உடைந்து வெளியே வந்திருந்தது. அதில் பெரிய துண்டு மட்டும் 26 அடி நீளம். அது பள்ளத்திலிருந்து 280 அடிக்கும் அப்பால் போய் விழுந்து கிடந்தது!

விசாரிக்க வந்தது அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். விமானம், ரயில், கப்பல் விபத்துகளை ஆராயும் அமைப்பு இது. 'குழாய்க்கும் போக்குவரத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? வாயுவும் ஊர்விட்டு ஊர் பயணம்தானே செய்கிறது!

அதிகாரிகள் உடைந்த துண்டுகளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார்கள். 30 அங்குல விட்டமுள்ள குழாய் அது. 1950ல் பதித்தது. எல் பாசோ நேச்சுரல் கேஸ் என்ற நிறுவனத்துக்குச் சொந்தம். குழாய்ச் சுவரின் கனம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால், மிக மோசமாக அரித்த இடத்தில் 72 சதவீதம் காணாமல் போயிருந்தது. மிச்சம் இருந்தது இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. காரின் டயரில் உள்ளதைப்போல் 20 மடங்குக்கும் மேலான அழுத்தத்தை அந்த மெல்லிய தகடு தாங்கிக்கொண்டிருந்தது!

இதில் ஒரு வேடிக்கை. குழாயின் வெளிப்பக்கம் நன்றாகவே இருந்தது. சொல்லும்படியான துரு எதுவும் இல்லை. எல்லா அரிப்பும் உள்பக்கம்!

அது எப்படி? முதலில், வெளிப்பக்கத்தை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்ப்போம். அது ஒரு கப்பல் கதையில் தொடங்குகிறது.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பக்கத்தில் செம்புத் தகடு அடித்திருப்பார்கள். கடல் உப்பு அந்தச் செம்பைத் தின்றது. என்ன செய்யலாம் என்று ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியிடம் கேட்டார்கள். 1824ல் அவர் ஒரு வழி சொன்னார். செம்போடு ஒட்டிக் கொஞ்சம் துத்தநாகமோ, இரும்போ வையுங்கள் என்றார். வைத்தார்கள். கடல் நீர் அந்தத் துண்டுகளைத் தின்றது. செம்பைத் தொடவில்லை! பெரிய பிள்ளையைப் பார்த்து, 'என்னை அடி, தம்பியை விட்டுவிடு' என்று அண்ணன் முன்னால் வந்து நிற்பதுபோல, துத்தநாகம் தன்னைக் கொடுத்துச் செம்பைக் காப்பாற்றியது.

ஆனால், பாவம் டேவி! செம்பு கரையும்போது அதன் நஞ்சு, கப்பலில் ஒட்டவரும் பாசியையும் சிப்பி போன்ற உயிர்களையும் விரட்டிக்கொண்டிருந்தது. இப்போது செம்பு கரையவில்லை. எனவே, அவை ஜாலியாக வந்து ஒட்டிக்கொண்டன. கப்பல் ஆமை வேகத்தில் போனது. கடற்படை, 'இந்தப் பாதுகாப்பே வேண்டாம்' என்று கைவிட்டது.

டேவியின் யோசனை வீணாகவில்லை. 1928ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ராபர்ட் கூன் என்ற பொறியாளர், அதே தத்துவத்தை மண்ணுக்குள் இருக்கும் எரிவாயுக் குழாய்க்குப் பயன்படுத்தினார். குழாய்க்கு ஒரு சிறிய மின்னோட்டத்தைக் கொடுத்தார். இரும்பு துருப்பிடிப்பது என்றால், அது தன் எலக்ட்ரான்களை இழப்பது. வெளியிலிருந்து எலக்ட்ரான் வந்துகொண்டே இருந்தால், இரும்பு தன் கையிருப்பை ஏன் இழக்கப் போகிறது? மின்சாரம் இல்லாத இடத்தில், மக்னீசியம் அல்லது துத்தநாகத் துண்டைக் குழாயோடு கம்பியால் இணைத்துப் பக்கத்தில் புதைத்துவிடுவார்கள். அது கரையும், குழாய் பிழைக்கும்.

உங்கள் வீட்டில் துத்தநாகம் பூசிய இரும்பு வாளி இருந்தால், அதில் ஒரு கீறலைத் தேடிப் பாருங்கள். அந்த இடத்தில்கூட எளிதில் துருப்பிடிக்காது. சுற்றியிருக்கும் துத்தநாகம் அங்கேயும் காவல் காக்கிறது.

இந்தக் காவல் சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? குழாய்த் தடத்தில் ஆங்காங்கே சிறு கம்பங்கள் நட்டிருப்பார்கள். அவற்றில் குழாயோடு இணைத்த கம்பி இருக்கும். ஊழியர் ஒருவர் வந்து மீட்டரை வைத்து அளப்பார். மைனஸ் 0.85 வோல்ட், அல்லது அதைவிட அதிக மைனஸ் காட்டினால் நல்லது. அமெரிக்க விதிப்படி, இதை ஆண்டுக்கு ஒரு முறையாவது அளக்க வேண்டும். மின்சாரம் கொடுக்கும் கருவியை ஆண்டுக்கு ஆறு முறை சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

சரி, பெகோஸ் குழாய்க்கு வருவோம். மண்ணிலிருந்து வரும் மின்னோட்டம் குழாயின் வெளித்தோலோடு நின்றுவிடும். உள்ளே நடப்பதை அதனால் தடுக்க முடியாது. வாயுவோடு கொஞ்சம் தண்ணீரும் கலந்து வந்தால், அது ஓடும் வழியில் பள்ளமான இடம் பார்த்துத் தேங்கிவிடும். தண்ணீரில் கரியமில வாயு கரைந்தால் லேசான அமிலம் உண்டாகும். சோடா குடிக்கும்போது நாக்கில் சுருக்கென்று படுகிறதே, அதேதான்! அதோடு உப்பும், இரும்பை அரிக்க உதவும் நுண்ணுயிரிகளும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பெகோஸ் குழாயில் இத்தனையும் இருந்தன. தண்ணீரைப் பிடித்து வெளியேற்ற ஓர் ஏற்பாடும் இருந்தது. அதற்குள் கறுப்பு எண்ணெய்க் கசடு பாதி அடைத்துக்கொண்டிருந்தது. எனவே, தண்ணீர் அதைத் தாண்டிப் போய், பள்ளமான இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

நம் பக்கத்து மாநிலத்திலும் இப்படி ஒரு சோகம் நடந்தது. ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில், நகரம் என்ற கிராமத்தில், 2014 ஜூன் 27 விடியற்காலையில் எரிவாயுக் குழாய் கசிந்து தீப்பிடித்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கும் குழாயை அரிப்பு தின்றிருந்தது.

உள்ளே நடப்பதைப் பார்க்க வழியே இல்லையா? உண்டு. அதன் பெயர், பன்றி! சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஆங்கிலத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். குழாய்க்குள் உராய்ந்து போகும்போது பன்றிபோலக் கத்தியதால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. குழாயின் அகலத்துக்குச் செய்த கருவி இது. வாயுவே பின்னாலிருந்து இதைத் தள்ளிக்கொண்டு போகும். சாதாரணப் பன்றி கசடையும் தண்ணீரையும் துடைத்துத் தள்ளும். புத்திசாலிப் பன்றி ஒன்றும் உண்டு. அதில் பெரிய காந்தங்கள் இருக்கும். குழாய்ச் சுவர் எங்கெல்லாம் மெலிந்திருக்கிறதோ, அங்கெல்லாம் காந்தப் புலம் வெளியே கசியும். அதைக் குறித்துக்கொண்டே போகும்.

ஆனால், பன்றி போக வழி வேண்டுமே! பெகோஸ் ஆற்றங்கரையில் வெடித்த பகுதி, பன்றி உள்ளே போக முடியாதபடி அமைந்திருந்தது. எனவே, 50 ஆண்டுகளாக அங்கே பன்றி எட்டிப் பார்க்கவே இல்லை.

'இதையெல்லாம் கேட்க ஆள் இல்லையா?' என்று உங்களுக்குக் கோபம் வரும். ஆள் இருந்தது. 1965ல் லூசியானா மாநிலத்தில் நாகிடோஷ் என்ற ஊருக்கு அருகே குழாய் வெடித்து 17 பேர் இறந்தார்கள். அதுவரை எரிவாயுக் குழாய்களுக்கென்று நாடு முழுமைக்குமான பாதுகாப்புச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. 1968ல் சட்டம் வந்தது. விதிகள் வந்தன. குழாய்களைச் சோதிக்க அரசு அதிகாரிகள் வந்தார்கள். அரிக்கும் தன்மையுள்ள வாயுவைக் கொண்டுபோனால், உள் அரிப்பைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் விதி இருந்தது.

அந்த அதிகாரிகள், விபத்துக்கு முன்பு எல் பாசோ நிறுவனத்தையும் சோதனை செய்திருந்தார்கள். உள் அரிப்பைக் கவனிக்கும் வேலையில் பெரிய ஓட்டை இருந்தது அவர்கள் கண்ணில் படவில்லை. 2003ல் வெளிவந்த விசாரணை அறிக்கை இதை ஒளிக்காமல் எழுதியது. அரிப்பைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் நிறுவனம் தவறியதுதான் விபத்துக்குக் காரணம். அதைப் பிடிக்காத அரசின் சோதனைக்கும் அதில் பங்கு உண்டு என்றது. ஓர் அரசு அமைப்பு, இன்னொரு அரசு அலுவலகத்தைப் பார்த்து 'நீங்களும் கோட்டை விட்டீர்கள்' என்று சொல்வது லேசான விஷயம் இல்லை!

விசாரணை வாரியம் காரணம் சொல்லலாம், யோசனை சொல்லலாம். அபராதம் போட அதற்கு அதிகாரம் கிடையாது. அந்த வேலை குழாய்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு. 2001ல் அது, 25 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கேட்டது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2007ல்தான் முடிவுக்கு வந்தது. ஏழு ஆண்டுகள்! நிறுவனம் 1 கோடியே 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அதோடு, 10 ஆயிரம் மைல் நீளமுள்ள தன் குழாய்களைச் சீர்படுத்த, குறைந்தது 8 கோடியே 60 லட்சம் டாலர் செலவழிக்கவும் சம்மதித்தது. எனக்கென்னவோ, அபராதத்தைவிட இந்த இரண்டாவது தொகைதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அபராதப் பணம் அரசின் கஜானாவுக்குப் போகும். இந்தப் பணம் குழாய்க்குப் போகும்.

விதிகளும் மாறின. மக்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஓடும் குழாய்களை, ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 2002ல் சட்டம் வந்தது. 2007ல் வந்த விதி, புதிதாகப் பதிக்கும் குழாயை உள்ளே தண்ணீர் தேங்காத விதத்தில் அமைக்கச் சொன்னது. இந்தியாவிலும் எரிவாயுக் குழாய்களுக்கு விதி வகுக்க, 2006ம் ஆண்டுச் சட்டப்படி ஓர் ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது.

அமெரிக்க விதிகளில் எனக்குப் பிடித்தது ரொம்பச் சின்ன ஒன்று. அரிக்கும் வாயு ஓடும் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, குழாய் எந்த இரும்பில் செய்ததோ, அதே மாதிரி இரும்பில் ஒரு சின்னத் தகட்டை எடைபோட்டு உள்ளே தொங்கவிடுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏழரை மாதத்துக்கு மேல் இடைவெளி விடாமல், அதைச் சோதிக்க வேண்டும். வெளியே எடுத்து, துடைத்து, தராசில் வைப்பார்கள். எடை குறைந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குழாயும் இளைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த எடையை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அதிகாரி வந்து கேட்டால், எடுத்துக் காட்ட வேண்டும்.